ரெண்டே வார்த்தை

இல்ல டீச்சர், புரியாம முழிக்கல. போர்டுல வாக் அவுட்னு எழுதி, இத வெச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்கன்னு என்னப் பாத்தீங்கள்ல, எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துருச்சு. இங்கிலீஷ்ல எனக்கு உருப்படியாத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான். அதான் எல்லாரும் போகட்டும்னு உக்காந்திருந்தேன். நீங்க பூட்டுறதுக்குள்ள சொல்லி முடிச்சிர்றேன்.

நான் ஆஸ்பத்திரித் துணி வெளுக்குற லாண்டரில வேலை பாத்தேன். பெட்ஷீட்டு, திரைத்துணி, டாக்டருங்க கோட்டு, எல்லாம் மலையா வரும். பெட்ஷீட்ட ஒத்த ஆளா மடிக்க முடியாது பாருங்க. ஆளுக்கு ரெண்டு முனையப் புடிச்சு உதறி, எதிர எதிர நடந்து வந்து கையோட கை சேத்து முனையக் குடுக்கணும். நாள் பூரா ஜோடியா நிக்கிறவ மூஞ்சிய நான் பாக்குறதும் என் மூஞ்சிய அவ பாக்குறதும்தான் வேலை. என் ஜோடிக்கு நாங்க வெச்ச பேரு காலேஜு. ஒரே ஒரு வருஷம்தான் போயிருக்கா, ஆனா மேனேஜர் பேசுற இங்கிலீஷ் அவளுக்கு மட்டும்தான் வெளங்கும். அந்த ஆளுக்குத் தமிழ் சுத்தமா வராது.

அங்க பெரிய இஸ்திரி மெஷின் ஒண்ணு, துணிய உள்ள இழுத்துக்கும். கை உள்ள போகாமத் தடுக்குற அதோட மூடி எப்பவோ உடைஞ்சுபோச்சு. இந்தக் கையப் பாருங்க. இல்ல, இப்ப வலிக்கல. தொட்டா தெரியறதில்ல, அவ்வளவுதான். மூடி வரும் வரும்னாங்க, வந்தபாடில்ல. அப்பதான் காலேஜு சொன்னா, அக்கா, வாக் அவுட் பண்ணிருவோம்னு. அதென்னடி கருமம்னேன். வெளிய போறதுதான், ஆனா சும்மா இல்ல, ஏன் போறோம்னு அவங்களுக்கு உறைக்கிற மாதிரி கோவத்தோட போறதுன்னா. நீங்க இன்னிக்குச் சொன்னதவிட நல்லாவே சொன்னா, கோவிச்சுக்காதீங்க. மடிக்கும்போதெல்லாம் வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்குவேன். பெரிய ஆளாயிட்ட மாதிரி இருக்கும்.

டீ மணி அடிச்சதும் எல்லாரும் கெளம்புறதுன்னு பேச்சு. மணி அடிச்சுது. நான் ஏப்ரனக் கழட்டி மேஜைல வெச்சுட்டு நடந்தேன். திரும்பிப் பாத்தா பயந்த மாதிரி ஆயிடும், பாக்காதீங்கக்கான்னு காலேஜு சொல்லியிருந்தா. கேட்டுக்கு வெளிய வந்து திரும்புறேன், ஒரு ஈ காக்கா இல்ல. வாட்ச்மேன் கேக்குறாரு, என்னம்மா, உடம்பு சரியில்லையான்னு.

சிரிங்க, பரவால்ல. அதுக்குக்கூட நான் கோவப்படல. எல்லாம் புள்ளகுட்டிக்காரங்க, அந்த நேரத்துல கால் வராது. மறுநாள் மேனேஜர் கூப்பிட்டாரு. நான் பேசுறத இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்ல காலேஜும் வந்தா. அவளப் பாத்ததும் எனக்குப் போன உசுரு திரும்பி வந்துது. மூடி உடைஞ்சது, என் கை வெந்தது, இன்னொரு பொண்ணுக்கு முடி மாட்டப் பாத்தது, எல்லாத்தையும் கொட்டுனேன். அழுதுட்டேன் டீச்சர். நான் மூச்சு வாங்கிட்டு நிறுத்துனதும், அவ மேனேஜரப் பாத்து, ஷி வாக்ட் அவுட்னா. அவ்வளவுதான்.

வேற என்ன சொல்லியிருந்தாலும் நமக்காகத்தான் பேசுறான்னு தலையாட்டிட்டு வந்திருப்பேன். அவ சொல்லிக் குடுத்த வார்த்தையாப் போச்சே! அவ பேச்சுல மூடியும் இல்ல, என் கையும் இல்ல. காரணத்தச் சொன்னா, இத யாரு ஆரம்பிச்சதுன்னு கேள்வி வரும்ல. என்ன நட்டாத்துல விட்டுட்டு அவ கரையேறிட்டா. அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க.

இப்ப தொழிலாளர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்கேன். வர்ற வியாழக்கிழமை விசாரணை. இது நம்ம ஊரு இல்லியே, அங்கயும் எல்லாம் இங்கிலீஷ்தான். எடுத்துச் சொல்ல ஆள் தர்றேன்னாங்க, வேணவே வேணாம்னுட்டேன். இனிமே எனக்கு என் வாய் போதும். அதான் உங்க வகுப்புல சேந்தேன். மூடி இல்ல, சொன்னோம், கேக்கல, கை வெந்துபோச்சு, அதனாலதான் வெளிய போனேன். இத மட்டும் இங்கிலீஷ்ல சொல்லிக் குடுத்துருங்க டீச்சர். எனக்கு வேலை திரும்பக் கெடைக்கணும்.

என்னது? வீட்ல இங்கிலீஷ் தெரிஞ்சவங்ககிட்ட தெனம் சத்தமாப் பேசிப் பழகணுமா? நல்லாச் சொன்னீங்க போங்க. எங்க வீட்ல இங்கிலீஷ் தெரிஞ்சது ஒரே ஆளு, காலேஜுதான். என் கொழுந்தனார் பொண்டாட்டி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. அன்னிக்கு அவ சொன்னது அழுத அழுகைல என் காதுல விழலன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. நான் இங்க வர்றதும் அவளுக்குத் தெரியாது, தையல் கத்துக்கப் போறேன்னு சொல்லி வெச்சிருக்கேன். இன்னிக்கு எனக்குத் தலை பின்னி அனுப்புனதே அவதான்.