கார்னிக் சாரின் தொப்பைக் கொழுப்பு

— இதென்ன கண்றாவி, வத்சலா? பருப்புத் தண்ணியா, குளத்துத் தண்ணியா? ஆறி அவலாப் போச்சு!

— அடுப்புலேருந்து இறக்கி நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன், அஹோ.

— நாப்பது வருஷமா புருஷனுக்கு இதே ‘அஹோ’, இதே பதில். சூடில்லாததை இந்தக் கார்னிக்கோட நாக்கு தொடாதுன்னு தெரியாதா உனக்கு?

— தெரியாமலா பறந்த தட்டையெல்லாம் பொறுக்கினேன்? மெதுவா கத்துங்க, தையல் விட்டுடும். கதவைத் தட்டறது யாரு? அட, சரயூவா! உங்க பழைய மாணவி வந்திருக்கா, பாருங்க.

— நமஸ்காரம் சார். நமஸ்காரம் வஹினி, நல்லா இருக்கீங்களா அண்ணி? ஐயோ பாவம், பித்தப்பையை எடுத்தும் தொப்பை அப்படியே இருக்கே! பார்வதி குன்றுக்குப் போர்வை போத்தின மாதிரி!

— டோங்ரே! நலம் விசாரிக்க வந்தியா, பழி வாங்க வந்தியா?

— பழி வாங்கத்தான் சார். நலம் விசாரிக்கறதா இருந்தா கையில பழம் இருந்திருக்குமே!

— வாயைப் பாரு.

— ஆபரேஷன்ல உங்க தொப்பையிலேருந்து டாக்டர் வெட்டிக் கொடுத்தாரே எலுமிச்சங்காய் அளவு கொழுப்பு, அதை லேப்ல பரிசோதிச்சுட்டேன். பந்தயம் ஞாபகம் இருக்கா? கேன்டீன்ல மிசல் தட்டு துள்ள, மேசையில அடிச்சுச் சொன்னீங்க.

— இருக்கு, இருக்கு. என் கொழுப்பே உனக்குச் சாட்சி சொன்னா, எழுபத்தஞ்சாவது பிறந்தநாள் விழா மேடையில எனக்குப் போடற புணேரித் தலைப்பாகையைக் கழட்டி உன் தலையில வைக்கறேன், சரயூ டோங்ரே முப்பது வருஷம் முன்னாடி எழுதினதுதான் சரின்னு மைக்ல சொல்றேன்னேன். அதுக்கென்ன இப்போ?

— என் தலை கொஞ்சம் சின்னது சார். தலைப்பாகைக்கு அளவு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.

— அவ்வளவு நிச்சயமா? என்ன சொல்லுது என் கொழுப்பு?

— வாயே திறக்கலை, அதுதான் விசேஷம். ஒல்லி ஆளோட கொழுப்பணுவுல ஒரு சொட்டு இன்சுலின் விட்டேன். சர்க்கரையைக் கொழுப்பா மாத்தற என்சைம் சடார்னு எழுந்து ரெண்டு மடங்கு வேலை பார்த்துச்சு. உங்களுது ஒவ்வொரு அணுவும் கணபதிக்குப் படைச்ச மோதகமாட்டம் உப்பிக் கிடக்கு. சொட்டு விட்டேன், கரண்டியால விட்டேன், குடம் குடமா விட்டேன், முத்தா ஆத்தையே திருப்பி விட்டேன்! உங்க என்சைம் புரண்டுகூடப் படுக்கலை சார்.

— முத்தா ஆத்தையா!

— சரி, வாய்க்கால்னு வெச்சுக்குங்க. பெருத்த ஆளோட கொழுப்பணு இன்சுலின் பேச்சைக் கேக்காதுன்னுதானே அன்னிக்கு எழுதினேன்? சபையில எழுந்து நீங்க என்ன சொன்னீங்க?

— ‘இந்தப் பொண்ணு கொழுப்பை ஐஸ்ல வெச்சுக் கெடுத்துட்டா’ன்னேன்.

— ஈரல் ஐஸ்ல போகலாம், ரத்தம் போகலாம். கொழுப்பு மட்டும் உடம்புச் சூட்டுலயே லேபுக்குப் போகணும், குளிர் பட்டா இன்சுலினுக்கு மசியாது. இது எனக்கா தெரியாது? முப்பது வருஷமா எனக்கு ‘ஐஸ்க்ரீம் டோங்ரே’ன்னு பேரு சார். வாட்ச்மேன் கூப்பிட்டான், கேன்டீன் காக்காகூட அப்படித்தான் கரைஞ்சுது!

— ஹஹ்ஹா! ஆ... தையல்! இந்தத் தடவையும் அதே பேருதான்டி உனக்கு.

— என்ன சொல்றீங்க?

— என் கொழுப்பு இருந்த குடுவை உன் கைக்கு வந்தப்போ எப்படி இருந்துச்சு?

— வெதுவெதுன்னுதான். தொட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன்.

— தொட்டியா? பேஷ்! அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் அது ஐஸ்ல புதைஞ்சு கிடந்துச்சு. ‘ஐஸ்ல வெச்சுட்டு, வெந்நீர்ல காட்டி அனுப்பு’ன்னு வார்டு ஆள் காதுல ராத்திரியே ஓதி வெச்சுட்டேன். உன் பரிசோதனை குப்பை. தலைப்பாகை எனக்கே!

— சார்... அப்போ அன்னிக்கும்...

— அன்னிக்கு ஆள் வேற, தந்திரம் இதேதான்.

— நீங்களா? முப்பது வருஷமா, நானே கைமறதியா ஐஸ்ல வெச்சுட்டேனோன்னு என்னையே சந்தேகப்பட்டேனே சார்! பத்திரிகைக்கு அனுப்பின கட்டுரையை என் கையாலயே திரும்ப வாங்கினேனே!

— அழாதே. வேணும்னா மேடையில உனக்கு ஒரு சால்வை போடச் சொல்றேன்.

— இப்போ சொன்னதை அப்படியே வெளியில போய்ச் சொல்வேன்!

— சொல்லேன். சாட்சி யாரு? இதோ உக்காந்திருக்காளே என் பொண்டாட்டியா? அவளுக்குக் கொழுப்பணுவுக்கும் கொத்தவரங்காய்க்கும் வித்தியாசம் தெரியாது.

— தெரியாதுதான், அஹோ. ஆனா கொழுப்பை ஐஸ்ல வெச்சா கெட்டுடும்னு தெரியும். ‘ஐஸ்க்ரீம் டோங்ரே’ கதையைச் சொல்லிச் சொல்லி நீங்க சிரிக்காத விருந்து உண்டா? சரயூ, கண்ணைத் துடை. தலை அளவு என்னன்னு சொன்னே?

— கிண்டல் வேண்டாம் வஹினி.

— கிண்டல் இல்லடி. ராத்திரி இவர் அந்த ஆள் காதுல ஓதினப்போ நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன். விடிஞ்சதும் கேம்ப் பக்கம் கறிக்கடைக்குப் போனேன். ஆபரேஷன் முடிஞ்சதும் அந்த ஆள் அசந்த நேரம் மாத்திட்டேன்; ஐஸ்ல புதைஞ்சு கிடந்தது ஆட்டுக்கொழுப்பு. இவரோடது அவ்வளவு நேரமும் என் இடுப்புல, புடவை மடிப்புக்குள்ள. உனக்கு அனுப்பறப்போ திரும்ப மாத்தி வெச்சுட்டேன்.

— வத்சலா! நீயா?

— ஆறவிடுவேனா, அஹோ? நாப்பது வருஷமா தட்டை வீசி வீசி நீங்கதானே பழக்கினீங்க!