வெள்ளையாக விட்ட அட்டை

காப்பி வேண்டாம், சார். வயிறு ஒத்துக்கொள்வதில்லை. பத்திரிகை வேலை கெடுத்த வயிறு.

பெட்டிக்கடையில் தொங்கும் இதழ்களில் பாதியின் தலைப்பு நான் வரைந்த எழுத்துதான். விருதெல்லாம் கொடுத்தார்கள். ஆனால் ஒன்றைத் தவிர, என் அட்டை எதுவும் நான் செய்தபடி அச்சேறியதில்லை. வெள்ளையாக இடம் விட்டால் ஆசிரியர்களுக்குக் கை அரிக்கும். ஒரு நடிகை படத்தையோ இலவச இணைப்பு அறிவிப்பையோ கொண்டுவந்து திணிப்பார்கள். சண்டை போட்டு அலுத்துவிட்டது.

எனக்கு முதல் அட்டை கொடுத்தவர் பாக்கியசீலன் அண்ணாச்சி. பாளையங்கோட்டையில் 'கரைவழி' என்ற இதழை நடத்தினார். போன மழைக்காலத்தில் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். பெரிய மனிதர் படுத்துவிட்டால் அஞ்சலி இதழை முன்கூட்டியே தயார் செய்துவைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். நானும் செய்தேன். அட்டை முழுக்க வெள்ளை. கீழ் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு அவர் முகம், பக்கத்தில் பெயர், அவ்வளவுதான். பார்த்து நானே அழுதேன். வாழ்நாளில் அதுபோல் எதையும் செய்ததில்லை.

அண்ணாச்சி பிழைத்துவிட்டார்.

சந்தோஷம்தான், சார். வீட்டில் ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருந்தார். அது இல்லாமல் கொஞ்ச நேரம்கூட முடியாது, ஆனால் தேறிவந்தார். அப்போது அந்த அட்டையை அவரிடம் காட்டியதுதான் என் தவறு. பார்க்கத் தெரிந்த கண் ஊரில் அவருடையது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

அவர் சிரித்தார். "மூஞ்சியே தெரியமாட்டேங்கு வே சங்கரு, கொஞ்சம் பெருசாக்கும்" என்றார். அடுத்த முறை பெயரைச் சிவப்பாக்கச் சொன்னார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, "இம்புட்டு இடம் சும்மா கெடக்கே. அல்வாக்கடைக்காரரு விளம்பரம் கேட்டுக்கிட்டே இருக்காரு. அங்கன போட்டுருவமா?" என்றார்.

அவர் மனைவி சாலோமி மதினி கோயிலுக்குப் போயிருந்தார். ஆராதனை முடியும்வரை அவரைப் பார்த்துக்கொள்ள என்னைத்தான் உட்கார்த்திவிட்டுப் போவார். நான் எழுந்து மெஷினை நிறுத்தினேன். கோபமில்லை, அசதிதான். இவர் உயிரோடு இருந்தால் அந்த அட்டை கல்யாண போஸ்டர் ஆகிவிடும் என்று தோன்றியது. அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்தார். பேச மூச்சில்லை. "பைய, அண்ணாச்சி, பைய" என்றேன். பிடி விட்டபின் மெஷினை மறுபடி ஓடவிட்டேன். மதினி வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அட்டை நான் முதலில் செய்தபடியே வந்தது. நேற்று மதினியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்கு நான் கோயிலுக்குக் கெளம்பும்போது அண்ணாச்சி சொன்னாவ, தம்பி. 'சங்கர சும்மா சீண்டிக்கிட்டு இருக்கேன். நான் போனா அந்த அட்டைய அப்படியே போடச் சொல்லு. ஒரு புள்ளியக்கூட மாத்தக்கூடாது'ன்னாவ."

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். நிறுத்தியது என் கைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த வார்த்தையை அவர் என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? இவ்வளவு பெரிய மனிதர், உயிர் விஷயத்தில் இப்படி விளையாடலாமா, சார்?