அண்ணன் அறையில் ரேடியேட்டர்

முதலில் சுவரில் துளை போட்டேனா, குழாய் வாங்கினேனா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. முன்பின்னாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா.

கணினிக் கடைக்காரர் நல்ல மனிதர். ப்ராசஸர் சூடாகிறது, லிக்விட் கூலிங் வேண்டும் என்றதும் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"ரெடிமேடே வாங்கிக்குங்க சார். மாட்டினோமா, மறந்தோமா. நாமளே குழாய் வெட்டி, தண்ணி ஊத்திச் செய்யறது மாடு வளர்க்கிற மாதிரி. ஊருக்குக்கூடப் போக முடியாது."

அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் ரெடிமேடில் குழாய் ஒரு முழம்தான். தண்ணீர் சுமந்து வரும் சூட்டை வெளியே விடுகிற ரேடியேட்டர் கணினிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். நாமே செய்தால் அடுத்த அறைக்கே குழாயை இழுத்துவிடலாம். இன்னொன்று, சுற்றியிருக்கும் காற்றைவிடத் தண்ணீர் குளிராது. ஆகவே வீட்டில் குளுமையான அறை எது என்று யோசித்தேன். அது அண்ணன் அறை.

அண்ணன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவன். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. இனி அவனுக்கு வேர்க்காது, உடம்பு தானாகச் சூட்டைத் தணித்துக்கொள்ளாது, குளுமையான இடத்தில் வையுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால்தான் அந்த அறையை அவனுக்குக் கொடுத்தோம். கொடுக்கச் சொன்னதே நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டரை அவன் கட்டிலை ஒட்டிய சுவரில் மாட்டினேன்.

"என்னடா இது, சுவரு என்மேல மூச்சு விடுது?" என்றான்.

"கொஞ்ச நாள்ல பழகிடும்ணே."

"எனக்கா, சுவருக்கா?"

அவனுக்கு எப்போதுமே குசும்பு அதிகம். படுத்த பிறகும் குறையவில்லை.

ரேடியேட்டரின் தகடுகளில் தூசி படியக் கூடாது. ஜன்னலைச் சாத்தினேன். மின்விசிறி தூசியைக் கிளப்பியது, அதையும் நிறுத்தினேன்.

கணினியில் அப்படி என்ன வேலை என்று நேற்று கேட்டீர்கள். வேலை எதுவும் இல்லை. ப்ராசஸரை முழு வேகத்தில் ஓட வைக்கும் சோதனை ஒன்று உண்டு. அதை ஓட விட்டு, சூடு ஏறாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மனதுக்கு நிம்மதியாக இருக்கும்.

மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்குக் கிளம்பினாள். "ஏங்க, நான் வர்ற வரைக்கும் அந்தச் சனியனை அணைச்சு வைங்க. உங்க அண்ணன் உடம்பு கொதிக்குது" என்றாள். சரி என்றேன். யாரும் குறுக்கே வராத நாள்கள் எனக்கு அபூர்வம். இருப்பதிலேயே நீளமான சோதனையைத் தொடங்கினேன்.

மறுநாள் மதியம் அண்ணன் கூப்பிட்டான். "தம்பி, ஜன்னலைத் திறடா." கேட்டது. திறந்தால் அறையின் சூடு மாறும். அதுவரை எடுத்த அளவுகள் வீணாகும். இருண்ணே என்றேன். இன்னும் இரண்டு முறை கூப்பிட்டான். பிறகு கூப்பிடவில்லை.

கோபித்துக்கொண்டான் என்று நினைத்ததாக முன்பு சொன்னேன். அது சரியல்ல. எனக்குத் தெரிந்துதான் இருந்தது. சோதனை முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி.

அண்ணன் போய்விட்டான். மனைவி இன்னும் தன் தங்கை வீட்டிலேயே இருக்கிறாள். என்னைப் பார்க்க வரவில்லை. தங்கைக்குப் பெண் குழந்தையாம். கடைக்காரர் சாட்சி சொல்ல வருகிறார். கணினியை உங்கள் ஆட்கள் தண்ணீரை வடிக்காமல் குழாயை அறுத்து எடுத்துப் போனார்கள். உள்ளே எல்லாம் நனைந்துவிட்டது. இப்படியும் ஈவிரக்கம் இல்லாதவர்கள் இருப்பார்களா என்று நினைத்துக்கொண்டேன்.