பின்னால் கூப்பிடாதவள்

மாகறலிலிருந்து காஞ்சிபுரம் போகிற பஸ்ஸில் தூங்கலாம் என்றிருந்தேன். முன் சீட்டுப் பெண்கள் விடவில்லை.

"எம்புள்ள துபாய் போய் ரெண்டு வருஷமாவுது. இன்னும் தினம் விடிகாலையில பெட்டியத் தூக்கிக்கினு வாசப்படி எறங்கிப் போறான்மா," என்றாள் மூத்தவள்.

"லெட்டர் வருதாக்கா?"

"மாசாமாசம் வருது. நல்லாத்தான் இருக்கறான்."

"அப்படி எறங்கிப் போறப்ப ஒருதரம் கூப்பிட்டுப் பாக்கறதுதானே?"

"கெளம்பிப் போறவனப் பின்னால கூப்பிடலாமா? அன்னிக்கும் கூப்பிடல."

இளையவள் நகர்ந்து உட்கார்ந்தாள். "இன்னிக்கும் போனானா?"

"இல்லம்மா. படியிலயே முதுகக் காட்டி நின்னுக்கினு இருந்தான். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நான் அவனத் தாண்டி வந்துட்டேன். தெருமுனைக்கு வந்தா, பின்னால 'அம்மா'ன்னு கூப்பிடறான்."

"திரும்பினியாக்கா?"

"எப்படிம்மா திரும்புவேன்? இவன் வந்துட்டா, அங்க இருக்கறவன் என்ன ஆவான்?"