எட்டடியில் நின்ற லென்ஸ்

அவைக்குத் தலைமையேற்று, நான் மேடையேறியதிலிருந்து என் முகத்தைப் பார்க்காமல் தம் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஐயா பிரம்மநாயகம் அவர்களே! ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து ஆண்டுகள் இரும்பைத் திருகி, ஓய்வுபெற்ற பின் லென்ஸைத் திருகிக்கொண்டிருக்கும் பெருந்தகையே! மெகா பிளாக் என்று ரயிலை நிறுத்திவிட்ட ஞாயிற்றுக்கிழமையிலும், சயானிலிருந்தும் செம்பூரிலிருந்தும் விக்ரோலியிலிருந்தும் பஸ்ஸைப் பிடித்து இந்த மாட்டுங்கா லேபர் கேம்ப் மன்றத்துக்கு வந்து சேர்ந்த சான்றோர்களே! கணவன் கழுத்தில் தொங்கும் கேமராவைச் சக்களத்தி என்று வைதாலும், வெளியே கிளம்பும்போது அதற்கும் ஒரு துணி மடித்துக் கொடுக்கும் தாய்மார்களே! தாமே கேமரா ஏந்தி வந்திருக்கும் சகோதரிகளே!

எல்லோருக்கும் மேலாக, உள்ளே வாருங்கள் என்று மூன்று பேர் அழைத்தும் வராமல், நாற்காலி போட்டும் உட்காராமல், வாசலிலேயே நின்று என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் தங்கை சைனப் அவர்களே! உங்களுக்கு என் முதல் வணக்கம். உள்ளே வருவதா, வீட்டுக்குத் திரும்புவதா என்பதை என் பேச்சைக் கேட்ட பிறகு முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே இன்று நான் கொஞ்சம் கவனமாகப் பேசவேண்டியிருக்கிறது.

என் பெயர் பூலோகம். செம்பூரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறவன். 'கைத்திருகு லென்ஸ் கழகம்' என்னும் நம் வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கியவன். நாற்பத்து மூன்று உறுப்பினர்களைக் கொண்ட... இல்லை. உண்மையைச் சொல்வதற்கென்றே மேடையேறியிருக்கிறேன். நாற்பத்திரண்டு உறுப்பினர்களைக் கொண்ட கழகம். அந்த நாற்பத்து மூன்றாமவரைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

எங்களை அறியாமல், சுவரில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட படங்களைப் பார்த்து உள்ளே நுழைந்துவிட்ட நல்லவர்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். உலகம் எங்கே போகிறது? கையில் உள்ள போன் தானே முகத்தைத் தேடுகிறது! தானே தெளிவாக்குகிறது! தானே நம் முகப்பருவையும் அழித்துவிடுகிறது! எல்லாம் தானே நடந்தால் இந்தக் கை எதற்கு? இந்தக் கண் எதற்கு? கண்ணுக்கு மேல் இந்தக் கண்ணாடிதான் எதற்கு? இப்படிக் கேட்டுக் கிளம்பிய கூட்டம் நாங்கள். எங்கள் பெற்றோருக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே செய்த பழைய லென்ஸ்களைத் தேடினோம். பூஞ்சை பிடித்ததைப் பூப்போலத் துடைத்தோம். புதிய கேமராவில் பொருத்தினோம். வளையத்தை விரலால் திருப்பித் திருப்பி, மங்கலைத் தெளிவாக்கி, தெளிந்ததை மறுபடியும் மங்கலாக்கி, திரும்பவும் தெளிவாக்கி முடிப்பதற்குள், நாங்கள் படமெடுக்க நினைத்த காக்கை பறந்துபோயிருக்கும். போகட்டும்! காக்கை போனாலும் கொள்கை போகவில்லை!

கைதட்டலுக்கு நன்றி. என்ன சங்கரன் சார்? முன்வரிசையில் இருந்து, "பூலோகம், காக்கா போய்டுத்து, நீங்க விஷயத்துக்கு வாங்கோ" என்கிறார். வருகிறேன் சார். விஷயத்துக்கு வரத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நம் கழகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறுதோறும் ஒரு படம் போடவேண்டும். அந்தப் படத்தோடு, அது கிடைப்பதற்கு முன்னால் ஃபோகஸ் தவறிப்போன மூன்று படங்களையும் போடவேண்டும். அவற்றுக்குச் சறுக்கல் படம் என்று பெயர். மூக்கு தெளிந்து முகம் மங்கிய படம், மாப்பிள்ளையை விட்டுவிட்டு மண்டபத்துத் தூணைப் பிடித்த படம், எல்லாம் போடவேண்டும். ஏன்? கையால் எடுத்தது என்பதற்கு அதுவே சாட்சி. தலைக்கனம் ஏறாமல் இருப்பதற்கும் அதுவே மருந்து. இந்த வழக்கத்தை வகுத்தவன் யார்? நான்! வளர்த்தவன் யார்? நான்! அதை வைத்து ஒரு நல்ல மனுஷியைக் குழுவை விட்டு விரட்டியவன் யார்? அதுவும் நான்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்கை சைனப் நம் குழுவில் சேர்ந்தார். தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். அவரிடம் ஒரு பழைய கேமரா இருந்தது, லென்ஸ் இல்லை. நம் முதலாம் ஆண்டு விழாவில், இதே மேடையில், இதே ஒலிபெருக்கிக்கு முன்னால், நான் வள்ளலாக மாறினேன். என்னிடம் இருந்த ரஷ்ய லென்ஸ் ஒன்றை, பொன்னாடை போர்த்தி, போட்டோ பிடித்து, அவருக்குப் பரிசளித்தேன். கொடுக்கும்போது காதருகே ஒரு வார்த்தை மெதுவாகச் சொன்னேன். அது என்ன வார்த்தை என்பதைப் பிறகு சொல்கிறேன். ஏனென்றால் எனக்கே பிறகுதான் ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் படம் போட்டார். அடடா, என்ன படங்கள்! ஆட்டுக்குட்டியின் இமைமுடியை எண்ணலாம். பாவ் ரொட்டி சுடுகிறவரின் மீசையில் ஒட்டிய மாவைப் பார்க்கலாம். ஆனால் சறுக்கல் படம் மட்டும் கிடையாது. புதியவர், கூச்சப்படுகிறார் என்று விட்டுவிட்டோம். போன மழைக்காலத்தில் ஒரு படம் வந்தது. சயான் ஸ்டேஷனுக்கு வெளியே தண்ணீர் தேங்கிய பள்ளம். தலையில் கீரைக்கூடையோடு ஒரு பெண் அதைத் தாண்டுகிறாள். கால் தரையில் இல்லை. சிதறிய தண்ணீர் துளித்துளியாக அந்தரத்தில் நிற்கிறது. அவள் முகத்தில் விழுந்துவிடுவோமோ என்ற பயமும், தாண்டிவிட்டோம் என்ற சிரிப்பும் ஒன்றாகத் தெரிகின்றன.

மனசாட்சியைத் தொட்டுச் சொல்கிறேன். அதைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, வயிற்றெரிச்சல்தான் வந்தது. இருபது ஆண்டாகத் திருகுகிறேன், எனக்கு ஒரு காக்கை உட்காரமாட்டேன் என்கிறது! உடனே எழுதினேன்: "இது கை பிடித்த படமா, மிஷின் பிடித்த படமா? சறுக்கல் படம் எங்கே?" அவர் பதில் ஒரே வரி: "சறுக்கல அண்ணாச்சி." நான் விட்டேனா? "சறுக்காமல் பிடித்தவர் இந்தக் கழகத்தில் இல்லை. உண்மையைச் சொல்லும்வரை வெளியே இருங்கள்" என்று எழுதி, நாற்பது பேர் பார்க்க, அவரைக் குழுவிலிருந்து நீக்கினேன். அன்று எனக்குக் கட்டைவிரல் குறி போட்டவர்களும் இங்கே இருக்கிறீர்கள். தலையைக் குனியாதீர்கள் சங்கரன் சார், நான் பெயர் சொல்லவில்லை.

மறுநாளே ஒரு பார்சல் வந்தது. தோலில் தைத்த அழகான உறை. உள்ளே அந்த லென்ஸ். நான் பிரித்துப் பார்த்து அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு காலை, என் துணைவியார் பானுமதி துணி உலர்த்துவதைப் படமெடுக்கலாம் என்று அதைக் கேமராவில் மாட்டினேன். வளையத்தைத் திருப்பினேன். திரும்பவில்லை. துணியைச் சுற்றித் திருப்பினேன். திரும்பவில்லை. "கொஞ்சம் கேமராவப் பிடி" என்று அம்மையாரிடம் கொடுத்து, முழு பலத்தையும் போட்டுத் திருகினேன். கேமரா திரும்பியது; அம்மையாரும் திரும்பினார்; வளையம் திரும்பவில்லை! உள்ளே எண்ணெய்ப்பசை இறுகிக் கல்லாகியிருந்தது.

அப்போது அவர் சொன்னார். இதோ, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாரே, அவர்தான் சொன்னார்: "இது நீங்க சோர் பஜார் பழைய சாமான் கடையில வாங்கியாந்த அன்னைக்கே திரும்பலயே. எங்கிட்ட ரப்பர் கையுறையெல்லாம் வாங்கிப் போட்டுப் பாத்தீங்க. முடியலன்னதும், ஏமாந்தது வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு, அந்தப் பிள்ளைக்குப் பொன்னாடை போத்திக் குடுத்தீங்க."

அவையோரே, அப்போதுதான் அந்தக் காதோர வார்த்தை எனக்கு ஞாபகம் வந்தது. என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் டைட்டா இருக்கும்மா. பழகப் பழகச் சரியாயிரும்."

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். நானும் சிரித்திருப்பேன், அதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. திரும்பாத லென்ஸில் இந்தப் பெண் எப்படிப் படம் எடுத்தார்? போனை எடுத்து அவர் போட்ட படங்களை முதலிலிருந்து பார்த்தேன். ஆட்டுக்குட்டி, பாவ் சுடுகிறவர், கீரைக்காரி, எல்லாம் ஒரே தூரம்! இத்தனை மாதப் படங்கள், ஒரே தூரம்! நாற்பத்திரண்டு பேர் பார்த்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. கண் எதற்கு என்று கேட்டுக் கழகம் தொடங்கியவர்கள் நாம்!

அன்றே தாராவிக்கு ஓடினேன். பட்டறையில் தோல் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் கறுத்தாலும், "வாங்க அண்ணாச்சி, சாயா குடிக்கீங்களா" என்றுதான் கேட்டார். "வளையம் திரும்பலன்னு ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"சொன்னேனே. குரூப்புல கேட்டேன், என்ன செய்யன்னு. நீங்க பொறுமையப் பத்திப் பதினோரு நிமிசம் வாய்ஸ் மெசேஜ் போட்டீங்க. பூராவும் கேட்டேன். பொறும வந்துச்சு, வளையம் வரல."

"பெறவு?"

"பெறவென்ன, அது நவராதுன்னா நான் நவந்து பாத்தேன். ஒரு எடத்துல நின்னா பளிச்சுன்னு தெரிஞ்சிச்சு. அளந்தேன், எட்டடி. இந்தா இருக்கே, நான் தோல் வெட்டுற மேச, இதுவும் எட்டடி. பதினாறு வருசமா இந்த முனையில நின்னு அந்த முனையப் பாக்கேன். எட்டடி எனக்குக் கண்ணக் கெட்டி விட்டாலும் தெரியும். அந்தப் பள்ளத்துக்கு எட்டடி தள்ளி முக்கா மணி நேரம் நின்னேன் அண்ணாச்சி. யாராவது தாண்டாமலா போவாங்க? அதான் சறுக்கல."

நான் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். "எனக்கு இங்கன கேட்டாப் போதாது. நாலு பேரு என்னைய நம்பி இந்தப் பட்டறையில வேல பாக்காங்க. நீங்க நாப்பது பேரு முன்னால என்னையப் பொய்க்காரின்னு ஆக்கிட்டீங்க. எல்லாரும் கேக்கச் சொன்னத எல்லாரும் கேக்க மாத்திச் சொல்லுங்க. பெறவு பாப்போம்."

இதோ சொல்கிறேன். தலைவர் கேட்க, தாய்மார் கேட்க, என்னை நம்பிக் கட்டைவிரல் குறி போட்டவர்கள் கேட்கச் சொல்கிறேன். சைனப் பொய் சொல்லவில்லை! பொய் சொன்னவன் பூலோகம்! பழுதான லென்ஸைப் பரிசென்று கொடுத்தது என் முதல் பொய். பழகினால் சரியாகும் என்றது என் இரண்டாம் பொய். கொள்கையைக் காப்பாற்றுகிறேன் என்று பொறாமையைக் காப்பாற்றினேனே, அது எல்லாவற்றிலும் பெரிய பொய். நாமெல்லாம் நின்ற இடத்தில் நின்றுகொண்டு வளையத்தைத் திருப்பினோம். இவர் வெயிலில் நடந்தார், மழையில் நடந்தார், சேற்றில் நின்றார். ஒரு படத்துக்காக நம்மில் யார் முக்கால் மணி நேரம் நின்றோம்? கையால் படம் எடுக்கிறோம் என்று மார்தட்டினோமே, முழு உடம்பாலும் படம் எடுத்த ஒருவரையல்லவா வெளியே தள்ளினோம்! தங்கையே, தப்பு என்னுடையது. மன்னித்துக் குழுவுக்குத் திரும்பி வாருங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

கைதட்டாதீர்கள். அவர் ஏதோ கேட்கிறார். என்னம்மா? "அந்த லென்ஸ் எங்க" என்கிறார். இதோ, உங்கள் உறையிலேயே பத்திரமாக இருக்கிறது. பிரம்மநாயகம் ஐயா பணிமனைக் கைவண்ணத்தால் ஒரே நாளில் பிரித்துச் சரிசெய்து தருவதாக... என்ன? "சரி பண்ணிராதீங்க, எனக்கு அது பழகிட்டு" என்கிறார்!

உள்ளே வருகிறார். அவையோரே, உள்ளே வருகிறார்! வழி விடுங்கள். லென்ஸைக் கைமாற்றிக் கொடுங்கள். கேமராவைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார், பாருங்கள். அப்படியென்றால் வரும்போதே... சரி, அதை நான் கேட்கமாட்டேன். மாட்டிவிட்டார். நடந்து வருகிறார். நின்றுவிட்டார். டேப் வேண்டாம் சங்கரன் சார், அது எட்டடிதான்.

"மேடையில இருக்கவங்க எல்லாரும் ஒரே வரிசையில நில்லுங்க, அண்ணாச்சி நீங்க மைக்க விட்டு ரெண்டு இஞ்சு பின்னால போங்க" என்கிறார். போகிறேன். "வாய் அசையுது" என்கிறார். அம்மா, ஒரே நிமிடம், நன்றியுரை பாக்கி. தலைவர் ஐயாவுக்கு நன்றி. மன்றத்தாருக்கு நன்றி. வீட்டில் உண்மையை நினைவில் வைத்திருந்த பானுமதிக்குத் தனி நன்றி. அடுத்த ஞாயிறு இந்தப் படம் குழுவில் வரும்போது, சறுக்கல் படம் எங்கே என்று யாரும் கேட்காதீர்கள். சறுக்கியவன் படத்துக்குள்ளேயே நிற்கிறேன். வணக்கம். மூடிவிட்டேன்மா, எடுங்கள்.