இரண்டு பக்கமும் அடைப்பு

ஜெமிமாவுக்கு ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம், மேடம். முப்பத்துமூன்று வயதிலும், அக்கா நான் பக்கத்தில் இருந்தால்தான் கையை நீட்டுவாள். அதனால்தான் அவளுக்கு லேப்ராஸ்கோப்பி செய்த அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டர் டியூட்டியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வாக்குமூலம் எழுதும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லேப்ராஸ்கோப்பியில் தொப்புளருகே சின்னத் துளை போட்டு, வயிற்றைக் காற்றால் உப்பவைத்து, கேமராவை விடுவார்கள். கர்ப்பப்பை வழியாக நீலச் சாயம் ஏற்றுவோம். கருக்குழாய்கள் திறந்திருந்தால் சாயம் அந்தப் பக்கம் வழிவது திரையில் தெரியும். பதினான்கு வருஷமாக நான் நர்ஸாகப் பார்க்கும் வேலை இது. எனக்கே ஒருமுறை செய்தார்கள். என் சாயம் வழியவில்லை. இரண்டு பக்கமும் அடைப்பு.

அந்த ரிப்போர்ட் வந்த மாதமே என் வீட்டுக்காரர் வில்சன் என்னோடு பேச்சை நிறுத்தினார். வருஷக் கடைசியில் நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். அங்கே அவருக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். தலத்தெரு வீட்டில் நான் மட்டும். அப்போது ஜெமிமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்குத் துணைக்கு வருவாள். ஒருநாள் மீன் ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"விடுக்கா. எனக்குப் பொறக்குறதுல ஒண்ண நீ வளத்துக்க."

பாசமாகத்தான் சொன்னாள், ஒரு சேலையை இரவல் கொடுக்கிற மாதிரி. தனக்குப் பிறக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, பாருங்கள்.

ஆனால் கல்யாணமாகி நான்கு வருஷம் ஒன்றும் தங்கவில்லை. அவள் புருஷன் ஜாக்சன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அந்த நான்கு வருஷமும் சாப்பிடும்போது அவள் தட்டில் முள்ளெடுத்த மீனைத்தான் வைத்தான். எதிரே உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு அவர்களைக் கூட்டிப்போனதும் நான்தான்.

சாயம் இருந்த சிரிஞ்சை அழுத்தியது நான். தடையே இல்லாமல் போனது. அவளுக்கு எல்லாமே அப்படித்தான் போகும். திரையில் வலது பக்கம் வழிந்தது, உடனே இடது பக்கமும். கர்ப்பப்பைக்குப் பின்னால் ஒட்டியிருந்த மெல்லிய சவ்வை டாக்டரம்மா பிரித்துவிட்டுச் சிரித்தார். "ஆறு மாசத்துல கரு நின்னுடும் ஆக்சிலியா. நல்ல சேதிய நீங்களே சொல்லிடுங்க" என்றார். சனிக்கிழமை மட்டும் தஞ்சாவூரிலிருந்து வருகிறவர். அடுத்த கேஸுக்குக் கை கழுவப் போய்விட்டார்.

மயக்கம் தெளிந்ததும் ஜெமிமா என் விரலைப் பிடித்தாள்.

"என்னக்கா, சாயம் வந்துச்சா?"

"இல்லம்மா. ரெண்டு பக்கமும் அடைப்பு."

யோசித்து வைத்துச் சொன்னதில்லை. அவள் முகம் விழுந்தது. அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் நான் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருந்தேன். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். நிஜமான அழுகைதான்.

என் பழைய ஃபைலில் இருந்த படங்களில், பெயர் இருந்த ஓரத்தை வெட்டிவிட்டு, அவள் ரிப்போர்ட்டில் அவளுடைய படங்களுக்குப் பதிலாக வைத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவளுக்கு இரண்டு நாள் தள்ளிப்போனது. வெறும் தாமதம்தான். ஆனால் சொன்னது மட்டும் போதாது என்று அப்போது புரிந்தது. கர்ப்பத்தடை மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு, கர்ப்பப்பைக்குத் தெம்பு என்று சொல்லிக் கொடுத்தேன். மாதம் இருபத்தொன்று. ஐந்து வருஷம். அவள் ஒருநாளும் விட்டதில்லை, விட்டால் நான் திட்டுவேன் என்று. வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று ஜாக்சன் ஆரம்பிக்கும்போதெல்லாம், அவளை மறுபடி அறுக்கணுமா என்று கேட்பேன். அடங்கிவிடுவான்.

நல்ல ஐந்து வருஷம், மேடம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக என் வீட்டுக்குத்தான் வருவாள். விசேஷ வீடுகளில் பெண்கள் பிள்ளைப் பேச்சை எடுத்தால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே எழுந்து வெளியே வருவோம்.

இந்த வருஷம் என்னிடம் சொல்லாமல் ஜாக்சன் அவளைச் சென்னைக்குக் கூட்டிப்போனான். அங்கே மறுபடி கேமரா விட்டுப் பார்த்திருக்கிறார்கள். குழாய் இரண்டும் திறந்தேதான் இருக்கிறதாம். கருமுட்டைதான் தீர்ந்துகொண்டு வருகிறதாம். முப்பத்தெட்டில் சிலருக்கு அப்படி ஆகும். இனிமேல் கஷ்டம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜெமிமா நேராக என் வீட்டுக்கு வந்தாள். சென்னைப் படங்களையும் மாத்திரை டப்பாவையும் என் முன்னால் வைத்து, இது என்ன மாத்திரை என்று கேட்டாள். சொன்னேன். அவள் கத்தவில்லை. டப்பாவை இறுக்கி மூடிவிட்டுக் கேட்டாள்.

"வருஷா வருஷம் என்கூட வேளாங்கண்ணிக்கு நடந்து வந்தியேக்கா. என்ன வேண்டிக்கிட்டு நடந்த?"

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதில் எனக்குத் தடையில்லை. அவளுக்குப் பிள்ளை பிறக்கக் கூடாது என்று ஒருநாளும் நான் வேண்டிக்கொண்டதில்லை. அது பாவம். கடைசிவரைக்கும் அவளும் நானும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று மட்டும்தான் மாதாவிடம் கேட்டேன்.