உள்தாழ்ப்பாள்

இல்லம்மா, தள்ளாத, தள்ளினா இன்னும் இறுகிக்கும். தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு, அவ்வளவுதான். கார்பெண்டரக் கூட்டிட்டு வரப் போயிருக்காங்கல்ல, வரட்டும். நீதானே எனக்குப் பதிலா வந்திருக்கிற பொண்ணு? நம்ம ஊர்ப் பக்கத்து ஆள்னு சொன்னாங்க. அங்க வெளியவே உன் பெட்டி மேல உக்காந்துக்க. உள்ள நான் நல்லாத்தான் இருக்கேன்.

சம்பளம் இல்லாத வேலைக்குக் கடல் தாண்டி வந்திருக்கியே, வீட்ல ஒண்ணும் சொல்லலியா? என்னை என் மருமக கேட்டா, அந்தச் சேவைய வீட்லயே செய்யக்கூடாதான்னு. நர்ஸ் வேலையில இருந்து ரிட்டயர் ஆனவளுக்கு வீட்ல சேவைக்கு என்ன குறைச்சல், சொல்லு.

வேலையா? கீழ வார்டுல எல்லாரும் படுத்த படுக்கைதான். திருப்பிப் போடணும், புண்ணக் கழுவிக் கட்டணும், பீ மூத்திரம் அள்ளணும். இடுப்பு விட்டுப் போயிடும். தண்ணி ஐஸா இருக்கும், கை வெடிச்சுடும், அதுல சோப்புப் பட்டா உசுரு போகும். சாப்பாட்டுல உப்பும் கிடையாது, உறைப்பும் கிடையாது. பாஷை சுத்தமாப் புரியாது. ஒரு பெரியவர் தினமும் என்னைப் பாத்து ஏதோ சொல்லுவாரு, வாழ்த்துறார்னு நெனச்சுக் கும்பிட்டுட்டே இருந்தேன். அப்புறந்தான் சொன்னாங்க, அம்புட்டும் திட்டாம்.

சௌகரியமா? ஏன் இல்ல, இந்த ரூம் இருக்கே. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், உள்பக்கம் தாழ்ப்பாள். சிரிக்காத. பையன் வீட்ல நான் ஹால்லதான் படுப்பேன். அவங்க டிவிய அணைச்சாத்தான் நான் பாய் விரிக்கணும். புடவை மாத்தவும் பாத்ரூம், அழணும்னாலும் பாத்ரூம், அதுலயும் யாராவது வெளிய தட்டிட்டே இருப்பாங்க. பையன் கெட்டவன்லாம் இல்ல. வீடு சின்னது, என்ன பண்ணுவான். அவங்கப்பா இருந்தப்போ ரூம் இருந்துச்சு, தாழ்ப்பாளும் இருந்துச்சு, ஆனா அதப் போடுறதும் எடுக்கிறதும் அவர்தான்.

இங்க வந்த அன்னிக்கு இந்தத் தாழ்ப்பாளப் போட்டுட்டுச் சும்மா உக்காந்திருந்தேன். யாரும் கூப்பிடல. எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சும்மா.

ஹாரன் கேக்குதா? எனக்கு வந்த வண்டிதான். ஏர்போர்ட் போகணும். அங்க பையன் லீவு போட்டுட்டு வந்து நிப்பான். மருமக மாசமா இருக்கா, ரெண்டாவது. போய்த்தானே ஆகணும். விசாவும் முடியுது. இங்க இருக்கிறது ஒரு கட்டில், அதுவும் உனக்குன்னு ஆயிடுச்சு.

என்னது, இடுக்கு வழியா எண்ணெய் விடுறியா? கெட்டிக்காரப் பொண்ணுதான். வேணாம்மா, வீணாக்காத. தாழ்ப்பாளுக்கு வாராவாரம் நானே எண்ணெய் போடுறேன், தொட்டா வழுக்கிட்டு வரும். கார்பெண்டர் படியேறுற சத்தம் கேட்டாச் சொல்லு, நானே திறந்துடுறேன். அதுவரைக்கும் சிக்கிக்கிச்சுன்னே இருக்கட்டும்.